விடியற்காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா?

தோட்டத்து லயங்களில் விடியற்காலை ஐந்து மணிக்கு என்னென்ன சத்தம் கேட்கும் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேவல் கூவும், குழாயடியில் வாளி உருளும், யார் வீட்டிலாவது குழந்தை சிணுங்கும். அதன் பிறகு ஒவ்வொரு வாசலிலும் மோட்டார் சைக்கிளை உதைக்கும் சத்தம் கேட்கத் தொடங்கும். ஓர் உதையில் எழும்பும் வண்டியை யாரும் கவனிப்பதில்லை. பத்து உதை, பதினைந்து உதை என்று போனால், லயமே காது கொடுத்துக் கேட்கிறது. உள்ளே சமைத்துக்கொண்டிருக்கும் மனைவிக்கும் வயிற்றில் புளி கரைக்கிறது. பெரட்டுக்கு நேரமாகிவிட்டதே!

அப்படிப்பட்ட ஒரு காலைப் பொழுதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். எஸ்.பி.எம். தேர்வு நடந்துகொண்டிருந்த நேரம். நான் குடியிருக்கும் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி ஓர் அண்ணன் இருக்கிறார். செம்பனைக் குலை வெட்டும் வேலை. டன் கணக்கில்தான் சம்பளம். அவர் மனைவி உதிரிப் பழம் பொறுக்குகிறார். அவர்களுடைய மூத்த மகள் என்னிடம் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை. பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். தோட்டத்திலிருந்து பள்ளிக்கு ஒன்பது மைல். அந்த அண்ணனிடம் இருந்தது அவருடைய அப்பா காலத்து ஹோண்டா சி 70.

அந்த வண்டி மூன்று வாரமாகத் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. இரவில் மழை பெய்தால் மறுநாள் காலையில் ஸ்டார்ட் ஆகாது. ஆனாலும் பாதி வழியில் இருமி இருமி நிற்கும். வேலை முடிந்து பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனால், அதற்குள் வெயில் ஏறிவிடும். வண்டி ஒரே உதையில் எழும்பிச் சிரிக்கும்! பட்டறைக்காரர் என்ன செய்வார், பாவம்? முதல் வாரம் புது பேட்டரி போட்டார். இரண்டாம் வாரம் புதுக் காயில் போட்டார். இரண்டுக்கும் பணம் போயிற்று. நோய் மட்டும் போகவில்லை.

தேர்வு நாளில் வண்டி நடுச் செம்பனைக் காட்டில் நின்றுவிட்டது. நான் அந்த வழியாகப் பள்ளிக்குப் போகும்போது, தகப்பன் வண்டியைத் தள்ளுகிறார். மகள் வெள்ளைச் சட்டையில் சேறு படாமல் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் நடக்கிறாள். என்னைக் கண்டதும் அந்த மனிதர் சொன்ன முதல் வார்த்தை, "சார், என்னைய விடுங்க, புள்ளைய மட்டும் கொண்டுபோய் விட்டுடுங்க" என்பதுதான். அவளை ஏற்றிக்கொண்டு போனேன். மண்டபக் கதவு மூடுவதற்குச் சில நிமிடங்கள் இருந்தன. அவ்வளவுதான்.

அன்று இரவு அவர் வீட்டு வாசலில் இருவரும் உட்கார்ந்தோம். நான் மெக்கானிக் அல்லன். ஆனால் என் தகப்பனாரும் இதே வண்டியைத்தான் ஓட்டினார். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம்: "நெருப்பு எங்கே நிற்குதுன்னு தேடு. சாமான் வாங்க அப்புறம் ஓடலாம்." அந்தப் பாடத்தைத்தான் இன்று வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நெருப்பு நடக்கும் பாதை

ஹோண்டா கப் வகை வண்டி ஜப்பானில் 1958-ஆம் ஆண்டு வெளிவந்தது. 2017-ஆம் ஆண்டில் உலகெங்கும் 10 கோடி வண்டிகள் என்ற கணக்கைத் தொட்டுவிட்டது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் நம் தோட்டங்களில் இன்னும் ஓடும் சி 70. அதில் கணினி இல்லை. எல்லாம் கண்ணால் பார்க்கக் கூடியவை. ஆகவே, பொறுமை உள்ளவர் எவரும் அதன் பழுதைக் கண்டுபிடிக்கலாம்.

எஞ்சினின் இடப்பக்க மூடிக்குள் காந்தம் பதித்த ஒரு சக்கரம் சுழல்கிறது. அதற்குள் அசையாத தட்டு ஒன்று. அந்தத் தட்டில் செப்புக் கம்பி சுற்றிய சுருள்கள் இருக்கின்றன. காந்தம் சுற்றச் சுற்றச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அதே தட்டில் பாயிண்ட் என்ற சிறு வாய் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பாயிண்ட் சட்டென்று திறந்தால், அந்த அதிர்ச்சி வெளியே இருக்கும் காயிலில் பல ஆயிரம் வோல்ட்டாகப் பெருகுகிறது. லயத்துக் குழாயை வேகமாக ஓடவிட்டுச் சட்டென்று மூடிப் பாருங்கள். சுவருக்குள் 'டக்' என்று குழாய் அதிரும் அல்லவா? ஏறக்குறைய அதே கதைதான். அந்த உயர் மின்சாரம் தடித்த ஒயர் வழியாகப் பிளக் கேப்புக்கு வந்து, பிளக்கின் நுனியில் பொறியாகப் பாய்கிறது.

ஆகவே நெருப்பின் பாதை இதுதான்: சுருள், பாயிண்ட், காயில், தடித்த ஒயர், கேப், பிளக். இதில் பேட்டரி எங்கே இருக்கிறது? இல்லவே இல்லை! உதைத்து எழுப்பும் பழைய 6 வோல்ட் சி 70-இல் பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் எஞ்சின் ஓடும். ஹாரன், சிக்னல், நியூட்ரல் விளக்கு இவற்றுக்குத்தான் பேட்டரி. அந்த அண்ணன் வாங்கிய புது பேட்டரிக்கும் வண்டி நின்றதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் அந்தப் பணம் வீட்டில் இருந்திருக்கும்.

ஓர் எச்சரிக்கை. இது பாயிண்ட் வைத்த பழைய வண்டிகளுக்குச் சொன்னது. ஈ.எக்ஸ். 5 போன்ற வண்டிகளில் பாயிண்ட் கிடையாது. அதற்குப் பதிலாக சி.டி.ஐ. என்ற பெட்டி இருக்கிறது. புதிதாக வரும், பெட்ரோலைக் கணினி அளந்து தெளிக்கும் வண்டிகளுக்கு நல்ல பேட்டரி அவசியம். அவற்றில் கண்டபடி ஒயரைக் கழற்றக் கூடாது.

முதலில் எளியவை

கருவிகளை எடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள். தொட்டியில் பெட்ரோல் இருக்கிறதா? பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா? சாவி சரியான இடத்தில் திரும்பியிருக்கிறதா? இதைப் படித்துச் சிரிக்காதீர்கள். ஒரு நாள் நானே பத்து நிமிடம் உதைத்த பிறகு பார்த்தேன், பெட்ரோல் குழாயைப் பிள்ளைகள் மூடி வைத்திருந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. வண்டி இரண்டு மூன்று மைல் நன்றாக ஓடி, மூச்சுத் திணறி நின்று, சற்று நேரம் கழித்து மீண்டும் ஓடினால், உடனே காயிலைக் குற்றம் சொல்லாதீர்கள். பெட்ரோல் மூடியில் காற்றுப் போக ஒரு நுண்ணிய துவாரம் இருக்கிறது. அது மண்ணால் அடைபட்டாலும் இதே குணம் காட்டும். நின்றவுடன் மூடியைத் திறந்து மூடி உதையுங்கள். உடனே எழும்பினால் குற்றம் மூடியில்.

பிளக் சொல்லும் செய்தி

இப்போது பிளக்கைக் கழற்றுங்கள். 16 மில்லிமீட்டர் பிளக் சாவி போதும். எஞ்சின் சூடாக இருந்தால் ஆறவிடுங்கள். கழற்றும் முன் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் மண் எஞ்சினுக்குள் விழும்.

பிளக்கின் நுனி, மருத்துவர் பார்க்கும் நாக்கைப் போன்றது. பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் எஞ்சின் நலம். காய்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் எஞ்சின் உள்ளே தேய்ந்திருக்கிறது. வெள்ளை வெளேரென்று இருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. பெட்ரோலில் நனைந்து மணத்தால், பெட்ரோல் வந்திருக்கிறது, நெருப்பு வரவில்லை என்று பொருள். நாம் தேடும் நோய் பெரும்பாலும் இதுதான்.

கம்பித் தூரிகையால் நுனியைச் சுத்தம் செய்து, இடைவெளியைப் பாருங்கள். 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அளவுத் தகடு இல்லையா? இரும்பு அறுக்கும் வாள்தகட்டின் பல் இல்லாத முதுகுப் பக்கம் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர் கனம். அது இறுக்கமாக நுழைந்தால் போதும். வெள்ளைப் பீங்கானில் கீறல் இருந்தால் யோசிக்காமல் பிளக்கை மாற்றிவிடுங்கள். சி 70-க்கு என்.ஜி.கே. சி7எச்எஸ்ஏ என்று கேட்டு வாங்கலாம். ஒரு பிளக்கை எப்போதும் இருக்கைக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருப்பது நல்லது.

பொறி பார்க்கும் முறை

கழற்றிய பிளக்கை மீண்டும் கேப்பில் செருகுங்கள். பிளக்கின் இரும்பு உடம்பு எஞ்சினின் இரும்பில் நன்றாகப் பட்டிருக்கட்டும். சாவியைத் திருகி, ஒருவர் உதைக்க, மற்றவர் நிழலில் நின்று நுனியைப் பார்க்க வேண்டும். நீல நிறத்தில், 'டிக் டிக்' என்ற சத்தத்தோடு பொறி பாய்ந்தால் நெருப்பு நலம்; குறை கார்புரேட்டர் பக்கம். மஞ்சளாக, மெலிதாக வந்தாலும், வராமலே போனாலும் நெருப்பின் பாதையில் எங்கோ தடை இருக்கிறது.

இங்கே மூன்று எச்சரிக்கைகளைச் சொல்லியே ஆக வேண்டும். பிளக்கைக் கையால் பிடிக்காதீர்கள். பல ஆயிரம் வோல்ட் உங்களை உதைத்துத் தள்ளும். இருதய நோய் உள்ளவர்கள் இந்த வேலைக்குக் கிட்டே வரவேண்டாம். இரண்டாவது, பிளக் கழற்றிய துவாரத்துக்கு நேரே பொறியைக் காட்டாதீர்கள். உள்ளே இருந்து பெட்ரோல் ஆவி வரும், தீப்பிடிக்கும். மூன்றாவது, வீட்டுக்குள்ளோ, பெட்ரோல் டின்னுக்கு அருகிலோ, வாயில் சிகரெட்டுடனோ இதைச் செய்யவே கூடாது.

கேப்பும் ஒயரும்

பொறி வரவில்லையென்றால் பின்னோக்கி ஒவ்வொரு படியாக நடங்கள். பிளக்குக்கு அடுத்தது கேப். அதைத் தடித்த ஒயரிலிருந்து திருகிக் கழற்றலாம். ஒயர் நுனியில் செப்பு இழைகள் பச்சை பூத்துக் கிடந்தால், அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, புது இழையில் கேப்பைத் திருகி இறுக்குங்கள். காசு செலவில்லாத இந்த வைத்தியத்திலேயே எத்தனையோ வண்டிகள் எழுந்து ஓடியிருக்கின்றன.

அன்று இரவு நாங்களும் இங்கேதான் வந்து நின்றோம். பகலெல்லாம் நன்றாக ஓடும் வண்டியின் நோயை எப்படிக் காண்பது? அக்கா ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். வாசல் விளக்கை அணைக்கச் சொன்னேன். எஞ்சினை ஓடவிட்டு, கேப்பின் மேல் விரலால் தண்ணீரைத் தெளித்தேன். இருட்டிலே, கேப்பின் ஓரத்திலிருந்து எஞ்சினின் இரும்புக்கு ஒரு நீல நூல் துள்ளித் துள்ளிப் பாய்ந்தது! எஞ்சின் இருமியது; நின்றது.

கேப்பைக் கழற்றி டார்ச் ஒளியில் பார்த்தோம். மயிரிழை போல ஒரு கீறல். காய்ந்திருக்கும்போது நெருப்பு பிளக்குக்குப் போகிறது. ஈரம் பட்டால், அந்தக் கீறல் வழியாகக் குறுக்கு வழியில் இரும்புக்கு ஓடிவிடுகிறது. புதுக் காயில் போட்ட பட்டறைக்காரர் பழைய கேப்பையே திருகி வைத்திருந்தார். மறுநாள் புதுக் கேப் வாங்கினோம். பத்து வெள்ளிக்கு மிச்சம் வந்தது. அந்த அண்ணன் மிச்சக் காசைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. பேட்டரிக்கும் காயிலுக்கும் கொடுத்த பணமும், பெரட்டுக்குப் பிந்தி இழந்த நாட்களும் மனத்தில் ஓடியிருக்கும்.

சாவி செய்யும் குறும்பு

கேப்பும் ஒயரும் நலமாக இருந்தும் பொறி வரவில்லையா? அடுத்துச் சாவியைச் சந்தேகிக்கலாம். இந்த வண்டியில் சாவி நெருப்பைக் கொடுப்பதில்லை; தடுக்கத்தான் செய்கிறது. சாவியை மூடினால், வெள்ளைக் கோடு போட்ட கறுப்பு ஒயர் வண்டியின் இரும்போடு சேர்கிறது. நெருப்புக்குரிய மின்சாரம் இரும்பில் வீணாகிப் போக, எஞ்சின் நிற்கிறது. சாவித் துளைக்குள் மழைநீர் புகுந்தாலோ, அந்த ஒயரின் தோல் உரிந்து இரும்பில் பட்டாலோ, சாவியைத் திறந்தாலும் வண்டி மூடியதாகவே நினைத்துக்கொள்ளும்.

சாவிக்குப் பின்னால் அந்த ஒயரின் இணைப்பை மட்டும் கழற்றிவிட்டு உதைத்துப் பாருங்கள். பொறி வந்தால் குற்றவாளி சாவிதான். ஆனால் ஒன்று: அந்த ஒயரைக் கழற்றிய பிறகு சாவியைத் திருகினாலும் எஞ்சின் நிற்காது. ஆகவே சோதனைக்கு மட்டும் கழற்றுங்கள். அப்படியே சாலையில் ஓட்டாதீர்கள்.

பாயிண்டும் கண்டென்சரும்

இடப்பக்க மூடியைக் கழற்றினால் காந்தச் சக்கரம் தெரியும். அதிலுள்ள ஜன்னல் போன்ற துவாரத்தின் வழியாகப் பாயிண்டைப் பார்க்கலாம். சக்கரத்தை அது வழக்கமாகச் சுழலும் திசையில் கையால் மெல்லத் திருப்புங்கள். பாயிண்ட் முழுமையாகத் திறந்திருக்கும்போது இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். முகங்கள் கறுத்திருந்தால் மிக மெல்லிய உப்புத்தாளை மடித்து இடையில் வைத்து இரண்டு முறை இழுங்கள். பிறகு சுத்தமான வெள்ளை அட்டையை வைத்து இழுத்துத் துடையுங்கள். எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தால் அதுவே நெருப்பை மறைத்துவிடும்.

சக்கரத்தில் 'எஃப்' என்ற எழுத்தும் அதன் அருகே ஒரு கோடும் வெட்டியிருக்கும். அந்தக் கோடு எஞ்சின் உடம்பிலுள்ள அடையாளத்துக்கு நேரே வரும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பாயிண்டின் வாயில் கவ்வவிட்டு, இலேசாக இழுத்துக்கொண்டே சக்கரத்தைத் திருப்புங்கள். காகிதம் விடுபடும் இடமே பாயிண்ட் திறக்கும் இடம். முன்னதாகத் திறந்தால் உதைக்கும்போது கால் பின்னுக்கு அடிபடும். பிந்தித் திறந்தால் வண்டிக்கு இழுவை இராது. மேடு ஏறும்போது திணறும்.

பாயிண்டைச் சுத்தம் செய்த சில நாட்களிலேயே மீண்டும் கருகிப் பள்ளம் விழுகிறதா? எஞ்சின் ஓடும்போது பாயிண்டில் பெரிய பொறி பறக்கிறதா? அப்படியானால் கண்டென்சர் செத்துவிட்டது. சில வண்டிகளில் அது பாயிண்ட் தட்டிலேயே இருக்கும். சிலவற்றில் காயிலுக்கு அருகே இருக்கும். மாற்றுவதற்கு அதிகச் செலவில்லை.

எல்லாம் சரியாக இருந்தும், குளிர்ந்த எஞ்சின் நன்றாக ஓடி, சூடேறியதும் நின்று, அரை மணி நேரம் ஆறினால் மீண்டும் ஓடுகிறதென்றால், காயிலையோ தட்டிலுள்ள சுருளையோ சந்தேகிக்கலாம். அப்போதும் உடனே கடைக்கு ஓடாதீர்கள். இதே வகை வண்டி வைத்திருக்கும் அண்டை வீட்டாரிடம் காயிலை ஒரு மணி நேரம் இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். நோய் தீர்ந்தால் பிறகு வாங்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு சாமான்களை மாற்றினால், எது நோய் என்று கடைசி வரை தெரியாது.

விளக்கும் ஹாரனும்

நெருப்பு ஒரு பாதை என்றால், விளக்கு வேறொரு பாதை. நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டு முதல் மோட்டார் சைக்கிள் பகலிலும் முன்விளக்கு எரியவிட்டே ஓட வேண்டும் என்பது சட்டம். செம்பனை லாரிகள் ஓடும் சிவப்பு மண் சாலையில் அந்த விளக்குதான் நம் உயிர்.

பழைய சி 70-இல் முன்விளக்கு காந்தச் சக்கரத்திலிருந்து நேராக மின்சாரம் பெறுகிறது. ஆகவே எஞ்சின் மெதுவாக ஓடும்போது மங்குவதும், வேகமெடுத்தால் பளிச்சிடுவதும் இயற்கை. அதற்காகப் பேட்டரியை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் பல்பு அடிக்கடி கருகினால், முதலில் பல்பில் உள்ள எண்ணைப் பாருங்கள். 6 வோல்ட் வண்டிக்கு 6 வோல்ட் பல்பு. பழைய பல்பில் எத்தனை வாட் என்றிருந்ததோ அதே வாட். இந்த வண்டியில் விளக்குகள் மின்சாரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்று அணைந்தால் அதன் பங்கும் மற்றதன் மேல் பாயும், அதுவும் கருகும். முன்விளக்கும் பின்விளக்கும் ஒருசேரப் போவதற்குக் காரணம் இதுவே.

ஹாரன் முனகினாலோ, சிக்னல் கண் சிமிட்டாமல் நின்றாலோ பேட்டரியைப் பாருங்கள். நிறைந்த 6 வோல்ட் பேட்டரி 6.3 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டும். தண்ணீர் ஊற்றும் பேட்டரியானால், மேல்கோடு வரை வடித்த தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. பேட்டரித் தண்ணீர் அமிலம். கையில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைத் தூளைச் சுடுநீரால் கழுவி, துடைத்து, வாஸ்லின் தடவுங்கள்.

பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். பியூஸ் என்பது தன் உயிரைக் கொடுத்து வண்டியைக் காக்கும் காவலாளி. அதற்குப் பதிலாகத் தாளைச் சுற்றினால், அடுத்த முறை எரிவது ஒயர்க் கட்டு. அதற்குப் பக்கத்தில்தான் பெட்ரோல் தொட்டி!

பச்சை ஒயரை மறவாதீர்கள்

ஹோண்டா வண்டியில் பச்சை ஒயர் எல்லாம் இரும்போடு சேரும் ஒயர். மின்சாரம் வீடு திரும்பும் பாதை அது. விளக்கு மங்கல், சிக்னல் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து துடிப்பது, இப்படிப் புரியாத கோளாறு எதுவானாலும், பச்சை ஒயர் இரும்பில் திருகப்பட்ட இடத்தைக் கழற்றி, பளபளக்கும் வரை தேய்த்து, மீண்டும் இறுக்குங்கள்.

தோட்டத்து வண்டிக்குச் சில தனி எதிரிகளும் உண்டு. உர மூட்டையை வண்டியில் ஏற்றுகிறோம். சிந்தும் உப்பு, ஈரத்தோடு சேர்ந்து செப்பைத் தின்றுவிடும். எலி ஒயரைக் கடிக்கும். கைப்பிடியைத் திருப்பித் திருப்பி, கழுத்துப் பக்கத்து ஒயர் தோல் கிழியாமலே உள்ளே அறுந்துவிடும். எஞ்சினை ஓடவிட்டு, கைப்பிடியை இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் குறை அங்கேதான்.

உரம் ஏற்றிய நாளில் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து நிழலில் நிறுத்துங்கள். மாதம் ஒரு முறை பிளக்கையும் கேப்பையும் துடைத்துப் பாருங்கள். அரை மணி நேர வேலை.

வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும்

அந்தத் தேர்வுக் காலம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த அண்ணன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, நெருப்பு நடக்கும் பாதையைச் சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து காட்டினேன். லயத்துப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். பள்ளியில் மின்சுற்றுப் பாடத்தில் பல்பும் பேட்டரியும் வைத்துச் சொல்லிக்கொடுப்பது இதுதானே! பிளக்கைக் கழற்றி, தேய்த்து, அளவு பார்த்து மாட்டியது யார் தெரியுமா? அந்த அக்காதான். "இவரு வேலைக்குப் போன பிறகு புள்ளைக்குக் காய்ச்சல்னா நான்தானே சார் ஓட்டணும்?" என்றார். எவ்வளவு நியாயமான பேச்சு!

பட்டறைக்காரர்களைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. காந்தச் சக்கரத்தைக் கழற்றுவது, எஞ்சினைப் பிரிப்பது எல்லாம் அவர்கள் கை பழகிய வேலை. ஆனால் அவர்களிடம் போகும்போது, "ஈரத்தில்தான் நிற்கிறது, பிளக் நனைந்திருக்கிறது, பொறி மஞ்சளாக வருகிறது" என்று மூன்று செய்தி சொல்லத் தெரிந்தால், அவர்களுக்கும் வேலை சுலபம்; நமக்கும் பணம் மிச்சம். நோயைச் சொல்லத் தெரியாதவனுக்கு எந்த வைத்தியர் மருந்து கொடுப்பார்?

அந்தப் பெண் அந்த ஆண்டு எல்லாத் தாள்களையும் எழுதி முடித்தாள். புதுக் கேப் போட்ட பிறகு, மழை பெய்த காலைகளிலும் தகப்பனார் வண்டியிலேயே போய் வந்தாள். கீறல் விழுந்த பழைய கேப்பை அந்த அண்ணன் எறியவில்லை. வீட்டு நிலைப்படிக்கு மேல் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். யாராவது, "வண்டி ஸ்டார்ட் ஆகல, பேட்டரி மாத்தணும்" என்று சொல்லிக்கொண்டு வந்தால், அதை எடுத்துக் கையில் கொடுத்து, "உக்காரு, முதல்ல பிளக்கைக் கழட்டு" என்கிறார்.